கடை என்று தெரியாத கடை: இளைய தலைமுறை எப்படி வாங்கப் பழகுகிறது?

12 வயதுப் பெண் ஒருத்தி ஷூ பார்க்கிறாள். போனில் கடையைத் திறந்ததும் அவள் கண் போவது ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களின் விமர்சனங்களுக்கு. "மூணே வாரத்துல அடிப்பாகம் பிஞ்சிடுச்சு" என்று ஒருவர் போட்டிருக்கும் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறாள். கம்பெனியின் பளபளப்பான படங்களைத் தள்ளிவிட்டு, வாங்கியவர்கள் வீட்டுத் தரையில் வைத்து எடுத்த மங்கலான படங்களுக்குப் போகிறாள். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு யாராவது ஓடிக் காட்டும் வீடியோ இருக்கிறதா என்று தேடுகிறாள். தோழிகளின் குரூப்பில் ஸ்க்ரீன்ஷாட் போட்டு "இது ஓகேவா?" என்று கேட்கிறாள். கடைசியில் கார்ட்டில் போட்டுவிட்டு மூடிவிடுகிறாள். விலை இறங்கட்டும் என்று காத்திருக்கிறாள்.

அன்று மாலை அதே பெண் ஒரு விளையாட்டுக்குள் இருக்கிறாள். அவளுடைய கதாபாத்திரத்துக்கு ஒரு தொப்பி வந்திருக்கிறது. இன்னும் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்று திரையின் மூலையில் கடிகாரம் ஓடுகிறது. பத்து நொடிகூட ஆகவில்லை, வாங்கியாகிவிட்டது. விமர்சனம் படிக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, நம் காசில் எவ்வளவு என்று கணக்கும் போடவில்லை.

இன்றைய பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு காட்சிகளில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். "இவர்களை யாரும் ஏமாற்ற முடியாது" என்பவர் காலைக் காட்சியைப் பார்த்தவர். "காசின் அருமை தெரியாதவர்கள்" என்பவர் மாலைக் காட்சியைப் பார்த்தவர். பிள்ளை ஒன்றுதான், மாறியது இடம். கடை என்று தெரிகிற இடத்தில் இவர்கள் நம்மைவிட உஷார். கடை என்று தெரியாத இடத்தில் சுலபமாக விழுந்துவிடுகிறார்கள். இவர்களைச் சுற்றி இருப்பவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகைக் கடைகள்தாம்.

'ஜென் ஆல்ஃபா' என்ற பெயரை வைத்தவர் ஆஸ்திரேலிய சமூக ஆய்வாளர் மார்க் மெக்ரிண்டில். அவர் கணக்கில் 2010 முதல் 2024 வரை பிறந்தவர்கள் இந்தத் தலைமுறை. இவர்களுக்கு மூத்த ஜென் ஸீயை அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 1997 முதல் 2012 வரை என்று வகுத்தது. ஆக, 2011இல் பிறந்த பிள்ளை ஒருவர் கணக்கில் ஆல்ஃபா, இன்னொருவர் கணக்கில் ஸீ. கோட்டை எங்கே போடுகிறோம் என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஐபேடும் இன்ஸ்டாகிராமும் 2010இல்தான் வந்தன என்பது முக்கியம். அதற்குப் பின் பிறந்தவர்களுக்குத் தொடுதிரை என்பது புதிதாக வந்த பொருள் இல்லை. பிறந்தபோதே வீட்டில் இருந்த சாமான்களில் ஒன்று.

ஆனாலும் எல்லாவற்றையும் தலைமுறையின் தலையில் கட்டிவிடக் கூடாது. 13 வயதில் நண்பர்கள் வைத்திருப்பதையே தானும் வைத்திருக்க ஏங்குவது எல்லாக் காலத்துப் பிள்ளைகளுக்கும் உள்ளது. அது வயதின் குணம். விலைவாசி ஏறியதால் யோசித்து வாங்குவது காலத்தின் குணம், பாட்டியும் அதையேதான் செய்கிறார். இந்த இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதே தலைமுறையின் குணம். ஒரே ஆண்டுகளில் பிறந்துவிட்டால் மட்டும் ஒரு தலைமுறை ஆகிவிடாது, வளரும் வயதில் ஒரே பெரிய அனுபவத்தைச் சேர்ந்து கடந்திருக்க வேண்டும் என்று சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928லேயே வாதிட்டார். இந்தப் பிள்ளைகளில் மூத்தவர்களுக்கு அப்படி ஓர் அனுபவம் உண்டு. 2020இல் உலகெங்கும் பள்ளிகள் மூடியபோது 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். திரை கிடைத்தவர்களுக்கு வகுப்பு, விளையாட்டு, நட்பு மூன்றும் அதற்குள் போயின. வாங்குவதும் கூடவே போயிற்று.

திரை கிடைக்காதவர்களும் இதே தலைமுறைதான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். 'இன்றைய பிள்ளைகள்' என்று பொதுவாகச் சொல்லும் எதுவும், இந்தக் கட்டுரையில் சொல்வது உட்பட, திரைக்கு உள்ளே இருப்பவர்களைப் பற்றியதே.

வாங்கப் பழகுவது என்பது பேசப் பழகுவதைப் போல, படிப்படியாக வருவது. இதை 1999இல் ஆய்வாளர் டெபோரா ரோடர் ஜான் மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். 3 முதல் 7 வயது வரை கண்ணுக்குத் தெரிவதே எல்லாம். பெட்டி பெரிதாக இருந்தால் நல்லது. 7 முதல் 11 வரை ஒப்பிடவும், எதிரில் இருப்பவர் ஏன் இதைச் சொல்கிறார் என்று யோசிக்கவும் வருகிறது. 11 முதல் 16 வரையில்தான் ஒரு பொருள் தன்னைப் பற்றி ஊருக்கு என்ன சொல்கிறது என்ற எண்ணம் வேர்விடுகிறது. விளம்பரம் என்பது நம்மை வாங்கவைக்கச் செய்யும் முயற்சி என்பதே சுமார் 8 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பிடிபடுவதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004இல் சொன்னது.

இந்த அறிவை வைத்துச் சில அரசுகள் முன்பே வேலி போட்டன. கனடாவின் கியூபெக் மாகாணம் 1980 முதல் 13 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைக்கும் வணிக விளம்பரத்தைத் தடுத்திருக்கிறது. சுவீடன் 1991இல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கான தொலைக்காட்சி விளம்பரத்தைத் தடை செய்தது. இந்தச் சட்டங்களுக்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது: நிகழ்ச்சி ஒரு பக்கம், விளம்பரம் மறுபக்கம், நடுவில் ஒரு சுவர். 'சிறிய இடைவேளைக்குப் பிறகு' என்ற குரல்தான் அந்தச் சுவர். பிள்ளைக்கு விளம்பரத்தின் நோக்கம் புரியாவிட்டாலும், கதை நின்றுவிட்டது என்பதாவது தெரிந்தது.

அந்தச் சுவர் இப்போது இல்லை. பொம்மைப் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பதை எடுத்து விளையாடிக் காட்டும் வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கிற பிள்ளைக்கு அது இன்னொரு பிள்ளை விளையாடுவது. பெட்டியைக் கொடுத்த கம்பெனிக்கு அது விளம்பரம். எடுத்துப் போடுகிற குடும்பத்துக்கு அது வருமானம். 2018இல் ஃபோர்ப்ஸ் வெளியிட்ட யூட்யூப் வருமானப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவன் பொம்மைகளைப் பிரித்துக் காட்டிய 7 வயதுச் சிறுவன். ஆண்டு வருமானம் 2.2 கோடி டாலர். 'இது விளம்பரம்' என்று மூலையில் ஒரு சொல்லைப் போட்டால் போதும் என்று விதிகள் சொல்கின்றன. படிக்கவே தெரியாத வயதில் இருப்பவருக்கு அந்தச் சொல் எதற்கு ஆகும்?

படிக்கத் தெரிந்த வயதிலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாள்தோறும் தன் அறையிலிருந்து பேசும் ஒருவர், தன் பரீட்சை பயத்தைச் சொல்பவர், பூனைக்கு உடம்பு சரியில்லை என்று அழுதவர், "நான் இதைத்தான் முகத்துக்குப் போடுறேன்" என்று சொல்லும்போது அது விற்பனைப் பேச்சாகக் காதில் விழுவதில்லை. தெரிந்த அக்கா சொல்வது போலவே விழுகிறது. திரையில் வருபவரோடு பார்ப்பவர் ஒருதலையாக வளர்த்துக்கொள்ளும் இந்த நெருக்கத்தை டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956லேயே, தொலைக்காட்சி புதிதாக இருந்தபோது, கவனித்து எழுதினார்கள். தொலைக்காட்சிக்காரர் பதில் சொல்ல மாட்டார். இவரோ கமென்ட்டுக்கு இதயம் போடுகிறார், லைவில் பெயர் சொல்லி அழைக்கிறார். நெருக்கம் பல மடங்கு கூடிவிட்டது. 10, 11 வயதுப் பிள்ளைகள் சுருக்கம் நீக்கும் க்ரீம்களைக் கேட்கத் தொடங்கியது இப்படித்தான். வயதான சருமத்துக்காகச் செய்த வீரியமான அமிலங்களும் ரெட்டினாலும் சின்னஞ்சிறு முகங்களுக்குப் போயின. சுவீடனில் ஒரு பெரிய மருந்துக்கடைத் தொடர் 2024இல் இவற்றை 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்க மாட்டோம் என்று தானாகவே முடிவெடுத்தது.

சரி, மாலைக் காட்சிக்கு வருவோம். அந்தத் தொப்பியை எப்படி விற்றார்கள் என்று கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

தொப்பியின் விலை 450 காயின் என்று வைத்துக்கொள்வோம். காயின்கள் 400 கொண்ட கட்டாகவும் 1000 கொண்ட கட்டாகவும் மட்டுமே கிடைக்கும். 400 போதாது, ஆகவே 1000 வாங்க வேண்டும். தொப்பி போக 550 மீதி. அந்த மீதி அவள் கணக்கில் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கும். அடுத்த வாரம் 600 காயினுக்கு ஒரு சிறகு வரும். இன்னும் 50தானே வேண்டும் என்று தோன்றும். அந்த 50க்காக இன்னொரு 400 கட்டு. எந்த இடத்திலும் உண்மையான பணம் கண்ணில் படுவதில்லை. பணம் கொடுக்கும்போது மனதில் ஒரு சின்ன வலி எழும் என்றும், அதுவே நம்மைச் செலவில் கட்டுப்படுத்துகிறது என்றும் பொருளாதார உளவியலில் 1990கள் முதல் பேசி வருகிறார்கள். கையிலிருந்து நோட்டு போகும்போது அந்த வலி அதிகம், அட்டையில் குறைவு, காயினில் அதையும்விடக் குறைவு. நாம் முதலில் நோட்டில் வலியைக் கற்றுக்கொண்டு, பிறகு அட்டைக்கு வந்தோம். இவர்களில் பலர் நேராகக் காயினில் தொடங்குகிறார்கள்.

கூடவே பொத்தான் எங்கே இருக்கிறது என்பதும் உண்டு. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனுடன் 52 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. அதில் 24.5 கோடி டாலர், விரும்பாமலே வாங்க நேர்ந்தவர்களுக்குத் திருப்பித் தருவதற்காக. கமிஷன் வைத்த குற்றச்சாட்டுகள் மிகச் சாதாரணமானவை: தூங்கும் நிலையிலிருந்து விளையாட்டை எழுப்பும்போது, திரை லோட் ஆகிக்கொண்டிருக்கும்போது, ஒரு பொருளைச் சும்மா பார்க்கப் பக்கத்துப் பொத்தானைத் தொடும்போது பணம் போய்விட்டது. மீதி 27.5 கோடி டாலர் குழந்தைகளின் தகவல்களைக் காக்கும் சட்டத்தை மீறியதற்கான அபராதம். இதற்கும் முன்பே, 2014இல், பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் செயலிகளுக்குள் வாங்கியவற்றுக்காகக் குறைந்தது 3.25 கோடி டாலர் திருப்பித் தர ஆப்பிள் ஒத்துக்கொண்டிருந்தது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து, விளையாட்டுக் காயினில் விற்கும் பொருளுக்கு உண்மைப் பணத்தில் விலை தெரிய வேண்டும், தேவைக்கு மேல் காயின் வாங்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று நெறிகள் வகுத்தன.

இதை எல்லாம் சொன்னால் பெரியவர்கள் உடனே கேட்பது: "இல்லாத தொப்பிக்கு எதற்குக் காசு?" இந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தொப்பி இருக்கிறது. அவளுடைய நண்பர்கள் எல்லாரும் தினமும் கூடும் இடத்தில் அது அவள் தலையில் இருக்கிறது. விளையாட்டு இலவசமாகத் தரும் சாதாரண உருவத்தோடு வருபவரை 'டிஃபால்ட்' என்று கேலி செய்யும் வழக்கம் ஃபோர்ட்நைட் மூலம் பரவியது. பள்ளிக்குக் கிழிந்த செருப்போடு போன வலி தெரிந்த யாருக்கும் அந்தச் சொல்லின் வலியும் தெரியும். பிள்ளை வாங்குவது துணியை அல்ல, கூட்டத்தில் ஓர் இடத்தை. அந்த ஆசையில் குற்றம் இல்லை. ஓடும் கடிகாரத்தையும் மீதிக் காயினையும் அந்த ஆசையின் மேல் ஏற்றி வைத்தவர்களிடம்தான் குற்றம் இருக்கிறது.

திரைக்கு வெளியிலும் இதே உத்தி வந்துவிட்டது. ஹாங்காங்கில் பிறந்த ஓவியர் காசிங் லங் 2015இல் உருவாக்கிய லபுபு என்ற பல் காட்டும் பொம்மையைச் சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் மூடிய பெட்டியில் விற்கிறது. எந்த நிறம், எந்த வடிவம் என்று பிரித்தால்தான் தெரியும். அரிதான ஒன்று எப்போதாவது கிடைக்கும். 2024, 2025இல் இதற்காக உலகெங்கும் வரிசை நின்றது, பெரியவர்களும் நின்றார்கள். விளையாட்டுகளில் இதற்கு 'லூட் பாக்ஸ்' என்று பெயர். பணம் கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ்கள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சொன்னது.

வீட்டுச் செலவில் இவர்களுக்கு இருக்கும் கை வேறு வகை. பிள்ளைகளிடம் மூன்று சந்தைகள் இருக்கின்றன என்று ஜேம்ஸ் மெக்நீல் என்ற ஆய்வாளர் நெடுங்காலம் சொல்லிவந்தார்: தாங்களே செலவழிப்பது, பெற்றோரைச் செலவழிக்க வைப்பது, நாளை வளர்ந்து செலவழிக்கப் போவது. முன்பு நடுவில் உள்ளதற்கு அடம்பிடிப்பது என்று பெயர். இப்போது பல வீடுகளில் அது ஆலோசனையாக மாறியிருக்கிறது. எந்த ஃபோன், எந்த டிவி, எந்த சந்தாவை நிறுத்தலாம் என்று வீட்டில் அதிகம் தெரிந்தவர் பல நேரம் 13 வயதுப் பிள்ளைதான்.

கொள்கைகள் என்று வரும்போது இந்தத் தலைமுறைக்கும் இதற்கு முந்தையதற்கும் மேல் பெரிய சுமை ஒன்றை ஏற்றி வைத்திருக்கிறோம். 2018 ஆகஸ்டில் கிரெட்டா தன்பர்க் பருவநிலை மாற்றத்தைத் தடுக்கக் கோரி சுவீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே பதாகையோடு உட்கார்ந்தபோது வயது 15. அதிலிருந்து, பூமியைக் காப்பாற்றும் வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள் என்று கம்பெனிகள் எழுதத் தொடங்கின. பிறகு இதே பிள்ளைகள் மலிவு உடைகளை மூட்டையாக வாங்கி வீடியோ போடுவதைப் பார்த்து, எல்லாம் வெறும் பேச்சு என்று எழுதினார்கள். இரண்டு முடிவும் அவசரத்தில் எடுத்தவை.

ஸ்டான்லி டம்ளரைப் பாருங்கள். 1913இல் வில்லியம் ஸ்டான்லி ஜூனியர் கண்டுபிடித்த எஃகு வெற்றிடக் குடுவையிலிருந்து வந்த கம்பெனி அது. நெடுநாள் அதை வாங்கியவர்கள் வெளியிடங்களில் உழைப்பவர்கள், மலையேறுபவர்கள். ஒரு குடுவை ஆயுள் முழுவதும் வரும் என்பதே அதன் பெருமை. 2023, 2024 வாக்கில் அதன் கைப்பிடி வைத்த பெரிய டம்ளர் பள்ளிப் பிள்ளைகளின் ஆசைப்பொருளாயிற்று. பிளாஸ்டிக் பாட்டிலைத் தவிர்க்க ஒன்று வாங்குவதாகத் தொடங்கி, உடைக்குப் பொருத்தமாக அலமாரி நிறைய நிறம் நிறமாக அடுக்குவதில் போய் நின்றது. அந்தப் பிள்ளைகளுக்குப் பூமியின் மேல் அக்கறை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அக்கறை இருந்தது, கூட்டத்தில் இடமும் வேண்டியிருந்தது, இரண்டையும் ஒரே பொருளில் சேர்த்து விற்க ஒருவர் இருந்தார். இதில் வயது வித்தியாசம் ஒன்றும் இல்லை. சொல்வதற்கும் வாங்குவதற்கும் இடையிலான இந்த இடைவெளி பெரியவர்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது. பெரியவர்களுக்குச் சம்பளம் உண்டு, வளர்ந்து முடிந்த உடம்பும் உண்டு. ஆறு மாதத்தில் கால் ஒரு அளவு வளர்ந்துவிடும் பிள்ளையிடம் பத்தாண்டு உழைக்கும் ஷூவை வாங்கச் சொல்வது நியாயமா?

பழைய பொருளை வாங்குவதில் மட்டும் ஒரு மாற்றம் வேர்விட்டிருக்கிறது என்பது என் கணிப்பு. மற்றவர் போட்டதைப் போடுவது பல இடங்களில் கூச்சத்துக்குரியதாக இருந்தது. பழைய உடைகளை வாங்கி விற்க 2011இல் தொடங்கிய டீபாப் செயலியை 2021இல் எட்ஸி நிறுவனம் சுமார் 160 கோடி டாலர் கொடுத்து வாங்கும் அளவுக்கு, பதின்ம வயதினர் அதை ஒரு ரசனையாக மாற்றிக்காட்டினார்கள். காரணம் சுற்றுச்சூழல் மட்டும் இல்லை; விலை குறைவு, வேறு யாரிடமும் இல்லாத சட்டை கிடைக்கும், தன்னுடையதையும் விற்றுக் காசு பார்க்கலாம். பல காரணங்கள் சேர்ந்து தாங்கும் பழக்கம் நிலைக்கும். நல்லெண்ணம் ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் பழக்கம் அடுத்த மோகம் வரும்வரைதான் நிற்கும்.

இவர்கள் உண்மையாகவே கோபப்படுவது நடிப்பைக் கண்டால். தரம் சரியில்லை என்றால்கூட மன்னித்துவிடுகிறார்கள். கமென்ட்டை அழிப்பது, காசு வாங்கிக்கொண்டு சொல்லாமல் விடுவது, தெரியாத கொச்சையைப் பேசி நண்பனாக வேடம் போடுவது, இவற்றை மன்னிப்பதில்லை. 2023இன் தொடக்கத்தில், எதை வாங்க வேண்டாம் என்று சொல்லும் 'டீஇன்ஃப்ளூயன்ஸிங்' வீடியோக்கள் டிக்டாக்கில் பரவின. அவற்றிலும் சில சீக்கிரமே "அது வேண்டாம், இதை வாங்குங்கள்" என்று மாறின. பார்த்த பிள்ளைகள் அதையும் கண்டுபிடித்துக் கீழே எழுதினார்கள். கடை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் இவர்களுடைய கண் எவ்வளவு கூர்மை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கூர்மைக்கு நாம் முதலில் கற்றுக்கொடுத்த பாடம் எது? 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் திரட்டக் கூடாது என்று அமெரிக்கா 1998இல் சட்டம் செய்தது. அதனால் பல தளங்கள் 13க்குக் கீழே உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. விளைவு, கணக்குத் திறக்கும் பிள்ளை பிறந்த ஆண்டைப் பின்னுக்குத் தள்ளிப் போடுகிறது. பல வீடுகளில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆண்டைத் தட்டிக் கொடுப்பது அம்மாவோ அப்பாவோதான். வணிக உலகத்துக்குள் பிள்ளை வைக்கும் முதல் அடியே ஒரு பொய். அதன் பிறகு அந்தத் தளத்துக்கு அது பெரிய ஆள்; பெரியவருக்கு உரிய விளம்பரங்கள் வரும். ஆஸ்திரேலியா இந்தப் பொறுப்பைக் குடும்பத்திடமிருந்து எடுத்து நிறுவனங்களிடம் கொடுத்துப் பார்க்கிறது. 2025 டிசம்பர் 10 முதல் அங்கே 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு இல்லாமல் பார்த்துக்கொள்வது தளங்களின் கடமை, தவறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம், பெற்றோருக்கோ பிள்ளைக்கோ தண்டனை இல்லை. வயதை எப்படிச் சரிபார்ப்பது, தடுத்தால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்ற கேள்விகள் திறந்தே இருக்கின்றன. என்றாலும், பொறி வைத்தவரைக் கேட்காமல் மாட்டியவரைத் திட்டும் பழக்கத்திலிருந்து ஓர் அரசு விலகியிருப்பதை நான் வரவேற்கிறேன்.

சட்டம் வரும்வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு தாள், ஒரு பேனா. திட்டாமல், பாடம் எடுக்காமல், கணக்கை மட்டும் சேர்ந்து போடுவது.

"அந்தத் தொப்பி எவ்வளவும்மா?"

"450 காயின்ம்மா."

"நீ வாங்கின கட்டுல எத்தனை காயின்?"

"ஆயிரம்."

"அந்தக் கட்டு நம்ம காசுல எவ்வளவு? எழுது."

எழுதுகிறாள். மீதி 550 காயினையும் எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறாள். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தபடி தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அப்ப இந்தக் கட்டுக்குக் குடுத்த காசு, என் ஷூவுல பாதிம்மா" என்கிறாள். யாரும் பதில் சொல்லவில்லை. போனை எடுத்து, காலையில் மூடிவைத்த கார்ட்டைத் திறக்கிறாள். ஷூவின் விலை இன்னும் இறங்கவில்லை.